எப்சன் எல்3210: மை மிச்சமாகிறது, பேப்பர்தான் காசைத் தின்கிறது

மையை மிச்சம் பிடிக்கலாம் என்று இந்த பிரிண்டரை வாங்க நினைப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதத்துக்கு நாலு பேப்பர் அடிக்கிற வீட்டுக்கு இது வேண்டாம், தெருமுனை ஜெராக்ஸ் கடையே போதும். வாராவாரம் அடிக்கிறவர்களுக்கு நல்ல மெஷின். நான் பாளையங்கோட்டையில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன், வினாத்தாள் ஓயாது, அரையாண்டு நெருங்கினால் தினமும் அடிக்க வேண்டியிருக்கும், அதனால் எனக்குக் கட்டுப்படியாகிறது.

மெஷினைப் பற்றிச் சுருக்கமாக. கார்ட்ரிட்ஜ் இல்லை, பாட்டில் மையைத் தொட்டியில் ஊற்றி அடிக்கிற டேங்க் பிரிண்டர் இது. பிரிண்ட், ஸ்கேன், நகல் மூன்றும் உண்டு. வைஃபை கிடையாது, யூஎஸ்பி கேபிள்தான். ஃபோனிலிருந்தே அடிக்க வேண்டும் என்றால் எல்3250 பக்கம் போங்கள். பின்னால் உள்ள தட்டில் 100 தாள் வைக்கலாம். 003 என்று நம்பர் போட்ட மை, நான்கு பாட்டில், ஒவ்வொன்றும் 65 மில்லி. கறுப்பு 4,500 பக்கம் வரும், கலர் மூன்றும் சேர்ந்து 7,500 பக்கம் வரும் என்பது கம்பெனி கணக்கு. பெட்டியோடு வருகிற முதல் செட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, ஏனென்றால் குழாயும், மையைத் தாளில் தெளிக்கிற ஹெட்டும் நிரம்புவதற்கே அதில் ஒரு பங்கு போய்விடும். மை சீக்கிரம் இறங்குகிறதே என்று முதல் மாதத்தில் பதற வேண்டாம். லேசர் மாதிரி எதையும் சூடாக்கி அச்சடிக்கிற வேலை இதில் இல்லை என்பதால் கரண்ட் போனாலும் வீட்டு இன்வெர்ட்டரில் ஓடிவிடுகிறது, மின்தடை நாட்களில் இது பெரிய உபகாரம்.

இப்போது காசுக் கணக்கு, நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். கறுப்பு பாட்டில் சுமார் 400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4,500 பக்கத்துக்கு வகுத்தால் பக்கத்துக்கு 9 பைசா. என் வினாத்தாளில் எழுத்து நெருக்கமாக இருக்கும், படமும் வரும், அதனால் 15 பைசா என்றே போடுகிறேன். 500 தாள் கட்டு 280 ரூபாய் என்றால் ஒரு தாள் 56 பைசா. அதாவது பேப்பர் செலவு மைச் செலவைப் போல மூன்று நாலு மடங்கு! பழைய கார்ட்ரிட்ஜ் மெஷினில் இது தலைகீழாக இருந்தது, நூற்றுச்சொச்சம் பக்கத்துக்குள் கார்ட்ரிட்ஜ் காலியாகும், ஒரு பக்கத்துக்கு மை மட்டுமே அஞ்சாறு ரூபாய் ஆகும், பேப்பரை யாரும் கணக்கிலேயே சேர்க்க மாட்டோம். அந்தப் பழக்கத்தில்தான் இன்னமும் எல்லோரும் மையை மிச்சம் பிடிப்பது எப்படி என்றே கேட்கிறார்கள். டேங்க் பிரிண்டருக்கு வந்தபிறகு பார்க்க வேண்டியது பேப்பரை.

ஆனாலும் மையைச் சும்மா விட வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் பிரிண்டரின் டிரைவரில் பிரிண்டிங் பிரிஃபரன்சஸ் திறந்தால் டிராஃப்ட் (மையைக் குறைத்து வெளிறலாக அடிப்பது), கிரேஸ்கேல் (கலர் இல்லாமல் கறுப்பில் மட்டும் அடிப்பது) என்று இரண்டு உண்டு, இரண்டையும் சேர்த்து முன்கூட்டியே வைத்த ஃபாஸ்ட் கிரேஸ்கேல் என்ற தேர்வும் இருக்கிறது. கிரேஸ்கேல் போடாவிட்டால் தலைப்பில் இருக்கிற நீல எழுத்து, இணையத்திலிருந்து இறக்கிய பக்கத்தின் சிவப்புக் கோடு எல்லாம் கலர் மையைக் குடிக்கும். டிராஃப்டில் ஒரு வில்லங்கம் இருக்கிறது, ஆங்கிலத்தில் எழுதுகிற விமர்சகர்கள் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்: தமிழில் புள்ளி போய்விடும். 11 பாயின்ட் எழுத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது, 9 பாயின்ட்டுக்குக் குறைத்து டிராஃப்டில் அடித்தால் மெய்யெழுத்தின் புள்ளி வெளிறி, 'க்' எது 'க' எது என்று பிள்ளைகள் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிக்கிறார்கள். ஒற்று மிகும் இடம், மிகா இடம் கேட்கிற வினாத்தாளில் இது நடந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கணக்குக்கும் அறிவியலுக்கும் டிராஃப்ட், தமிழ்த் தாளுக்கு ஸ்டாண்டர்ட், இதுதான் இப்போது என் வீட்டு வழக்கம்.

எழுத்துருவை மாற்றி மையைச் சேமிக்கலாம் என்று 2014இல் அமெரிக்கப் பள்ளி மாணவர் ஒருவர் கேரமாண்ட் எழுத்துருவை வைத்துப் போட்ட கணக்கு உலகமெல்லாம் செய்தியானது. அதே பாயின்ட்டில் கேரமாண்ட் எழுத்து இயல்பாகவே சின்னது, மிச்சமாவது அதனால்தான் என்று அச்சு எழுத்துக்காரர்கள் உடனே மறுத்தார்கள். எழுத்துக்குள் பொடிப்பொடி ஓட்டை விட்டு மையைக் குறைக்கிற ஈக்கோஃபான்ட் அதற்கும் முன்னால் வந்தது. இதெல்லாம் ஆங்கில எழுத்துக்கான சமாச்சாரம். தமிழுக்கு எனக்குப் பலன் கொடுத்தது வேறொன்று, வரி இடைவெளி. லதா, நிர்மலா மாதிரி எழுத்துருக்களில் வேர்டு தானாகவே இரண்டு வரிக்கு நடுவில் தாராளமாக இடம் விடும். லைன் ஸ்பேசிங்கில் எக்ஸாக்ட்லி என்று கொடுத்து, 11 பாயின்ட் எழுத்துக்கு 15 என்று வைத்துப் பாருங்கள், கொம்பும் சுழியும் இடிக்காது. ஓரத்தையும் கொஞ்சம் குறைத்தால் மூன்று பக்க வினாத்தாள் இரண்டுக்குள் வந்துவிடுகிறது. அப்புறம் அந்த இரண்டையும் ஒரே தாளின் இரு பக்கத்தில் அடித்தால் மூன்று தாள் செலவாகிற இடத்தில் ஒன்று.

இரு பக்கம் அடிப்பதில்தான் இந்த மெஷின் நம்மை வேலை வாங்கும். தானாகத் திருப்பிப் போடாது. ஒரு பக்கத்தை எல்லாம் அடித்து முடித்துவிட்டு நிற்கும், நாம் கட்டைத் திருப்பி வைக்க வேண்டும். எந்தப் பக்கம் திருப்புவது என்று கம்ப்யூட்டர் திரையில் படம் போட்டுக் காட்டுகிறது, அது பரவாயில்லை. வெவ்வேறு வினாத்தாளைச் சேர்த்து அடிக்கும்போது நடுவில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போனால் அதற்குப் பிறகு வருகிற தாள்களில் முன்பக்கம் ஒரு வினாத்தாளுடையது பின்பக்கம் வேறொன்றுடையது என்று ஆகிவிடும், அதனால் இருபது இருபதாகப் போடுவது நல்லது. 70 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) தாளில் ஸ்டாண்டர்டில் அடித்தால் மறுபக்கம் நிழல் தெரிகிறது. 75 இருந்தால் சரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரித்து வைத்த கட்டு நமத்த அப்பளமாகிவிடும், அப்போதுதான் தாள் ஒட்டுவதும் சிக்குவதும் அதிகம். வேண்டிய அளவு எடுத்துக்கொண்டு மீதியை உறையோடு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி வையுங்கள். முக்கூடல் பக்கத்திலேயே சேஷசாயி காகித ஆலையின் யூனிட் ஒன்று ஓடுகிறது, அந்தப் பக்கம் கரூரில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் எடுக்கிற டிஎன்பிஎல் இருக்கிறது, ஆனால் கடையில் போய் நின்றால் தாள் விலை உள்ளூர்க்காரனுக்கென்று ஒரு பைசா குறைய மாட்டேன் என்கிறது.

சரி, குறைவாக அடிப்பவர்களுக்கு ஏன் வேண்டாம் என்றேன்? கல்லிடைக்குறிச்சியில் என் மாமா வேறொரு கம்பெனியின் டேங்க் பிரிண்டர் வைத்திருக்கிறார். ஓய்வூதியக் காகிதம், எப்போதாவது ஒரு பட்டா நகல், அவ்வளவுதான் அவர் அடிப்பது. சும்மா கிடந்து ஹெட்டில் மை காய்ந்து கோடு கோடாக வரும், ஹெட் கிளீனிங் கொடுப்பார், சரியாகவில்லை என்று மறுபடியும் கொடுப்பார். "மருமவனே, நான் அடிச்சதே பத்து பேப்பர்தாம்ல, மை மட்டும் எங்கல போவுது?" என்று ஃபோன் வந்தது. ஒவ்வொரு கிளீனிங்கிலும் நான்கு நிற மையும் ஹெட் வழியாக இழுக்கப்பட்டு உள்ளே இருக்கிற பஞ்சுத் திண்டுக்குத்தான் போகிறது, அவர் கலரில் ஒரு பக்கம்கூட அடிக்கவில்லை, நீலம் பாதிக்கு வந்துவிட்டது. அந்தத் திண்டு நிறைந்துவிட்டால் மெஷினே நின்றுவிடும், அப்புறம் சர்வீஸ் செலவு தனி. பாட்டிலில் போட்டிருக்கிற பக்கக் கணக்கு தொடர்ந்து அடித்துப் பார்த்த கணக்கு, இந்த மாதிரி போகிற மை அதில் வராது. எந்த இங்க்ஜெட் ஆனாலும் இதே கதைதான். அதனால் வாரம் ஒரு தடவை கலரில் ஏதாவது ஒரு பக்கம் அடியுங்கள், நாஸில் செக் (ஹெட்டின் துளைகள் அடைத்திருக்கிறதா என்று பார்க்க அடிக்கிற சோதனைப் பக்கம்) போதும், அதற்கு மை சொட்டுகூட ஆகாது. முடித்ததும் மெஷினில் உள்ள பட்டனை அமுக்கித்தான் நிறுத்த வேண்டும். சுவரில் சுவிட்சைத் தட்டினால் ஹெட் தன் மூடிக்குப் போய்ச் சேராமல் நடுவழியில் நின்று காயும். கரண்ட் திடீரென்று போனாலும் அதே கதி, அதனாலும் இன்வெர்ட்டர் லைனில் போடுவது நல்லது.

இன்னொரு குறை, 003 மை தண்ணீரில் கரைகிற டை மை. ஈரக்கை பட்டால் இழுகும். தாலுகா ஆபீசுக்கோ பேங்குக்கோ கொடுக்கிற காகிதத்தை, மழையில் பையோடு அலைய வேண்டியதை, நான் கடையில் லேசரில்தான் எடுக்கிறேன். வில்லங்கச் சான்று மாதிரி நீளமானவற்றைத் திரையில் பார்த்து, கேட்ட பக்கத்தை மட்டும் எடுத்தால் போதுமா என்று முதலில் விசாரியுங்கள். ரயில் டிக்கெட்டை அடிக்கவே வேண்டாம், ஃபோனில் இருக்கிற குறுஞ்செய்தியும் அடையாள அட்டையும் போதும், நெல்லை எக்ஸ்பிரஸில் இன்னமும் முழு ஏ4 தாளை மடித்து வைத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன்.

தானாகத் திருப்பிப் போடுகிற எல்4260 வாங்கலாமா என்று சிலர் கேட்டார்கள். நான் விசாரித்தபோது விலை வித்தியாசம் 5,000 ரூபாய்க்கு மேல் வந்தது. தாளுக்கு 56 பைசா வைத்தால் அந்தப் பணத்துக்கு ஒன்பதாயிரம் தாள் கிட்ட வாங்கலாம், கையால் திருப்பினாலும் மிச்சமாகிற தாள் அதே எண்ணிக்கைதான். திருப்பிப் போட வீட்டில் ஆள் இருந்தால் எல்3210 போதும். என் வீட்டில் எட்டாம் வகுப்புக்காரன் ஒருவன் இருக்கிறான், கட்டு ஒன்றுக்கு ஒரு கடலைமிட்டாய் கேட்கிறான்.