ஃபினாலே மேட்ச் பெல்லட்: டப்பாவைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிக்கு எச் அண்ட் என் கம்பெனியின் ஃபினாலே மேட்ச் பெல்லட் (ஈயக் குண்டு) நல்ல சரக்கு. ஆனால் குண்டின் தலை அளவு (முன்பக்க விட்டம்) பார்க்காமல் வாங்கினால் காசு தண்டம். 4.49, 4.50, 4.51 மி.மீ. என்று வருகிறது, எடை 0.53 கிராம்தான், பேரலுக்குப் பேரல் ஒத்துப்போகும் அளவுதான் மாறும்.

ரைஃபிளை வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) பிடித்து, ஒவ்வோர் அளவிலும் ஐந்தைந்து குண்டாகச் சில தாள்களில் சுட்டுப் பாருங்கள். டார்கெட் தாளில் பத்தாம் வளையமே 0.5 மி.மீ. புள்ளி, கொஞ்சம் சிதறினாலும் மார்க் போய்விடும். ஒத்துவந்த அளவை அதே பேட்ச் எண்ணில் மொத்தமாக எடுங்கள். தட்டைத் தலை என்பதால் ஓட்டை பஞ்ச் அடித்தாற்போல் சுத்தமாக விழுகிறது. பின்விளிம்பு நசுங்கியதை ஒதுக்குங்கள். காற்று கசிந்து குண்டு விலகும்.

கடலூர் உப்புக்காற்றில் ஈயம் வெள்ளையாகப் பூக்கும், சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடுங்கள். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் டீக்கடைக்குப் போகவே கூடாது. புதிதாகப் பழகுகிறவருக்கு இந்த விலை வேண்டாம். பயிற்சி ரகமே போதும்.