எஸ்டேட்டுக்கு வந்த வாய்ப்புற்றுநோய்ப் பரிசோதனை முகாம்: ஒரு மதிப்பீடு

கேரளத்தின் வண்டிப்பெரியாற்றுக்கு மேலே உள்ள எங்கள் தேயிலை எஸ்டேட்டில் அண்மையில் நடந்த இலவச வாய்ப்புற்றுநோய்ப் பரிசோதனை முகாமுக்கு என் மாமியாரை அழைத்துச் சென்றிருந்தேன். வாயைப் பார்த்த விதத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பேன். பார்த்த பிறகு நடந்தவற்றுக்கு அப்படிக் கொடுக்க மனம் ஒப்பவில்லை.

பரிசோதித்தவர் மருத்துவர் அல்லர்; பயிற்சி பெற்ற இளம் சுகாதாரப் பணியாளர். மாமியாரை வாய் கொப்பளிக்கச் சொல்லிவிட்டு, "அம்மா, வெத்தல போடுறது எத்தன வருஷமா?" என்று கேட்டார். "கொழுந்து கிள்ள வந்த நாள்லருந்து போடுறேன் தாயி" என்றார் மாமியார். ராத்திரி அடக்கிக்கொண்டு தூங்குவதுண்டா, எந்தப் பக்கம் அடக்குவது என்று அடுத்து கேட்டதுதான் எனக்கு நம்பிக்கை தந்தது. இடது கொடுப்பைத் தொட்டுக் காட்டியதும், கையுறை மாட்டிக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில் மரக்குச்சியால் கன்னத்தை ஒதுக்கி அந்த இடத்தை நிதானமாகப் பார்த்தார். பிறகு ஈறு, நாக்கின் இரு ஓரங்கள், நாக்கின் அடிப்பகுதி, அண்ணம் என்று ஓரிடம் விடாமல் பார்த்து, கழுத்தில் நெறிகட்டியிருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பார்த்தார். அவசரமே காட்டவில்லை. இடது கன்னத்தின் உட்புறம் துடைத்தாலும் போகாத வெண்திட்டு ஒன்று இருந்ததால், மேல்பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வெறும் கண்ணால் பார்ப்பதில் என்ன தெரிந்துவிடும் என்று லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பலர் கேட்டார்கள். அதற்கான விடை நம் கேரளத்திலேயே கிடைத்தது. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தில் மருத்துவராகப் பணியாற்றி, பின்னர் பிரான்சின் லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையில் நோய் முன்கண்டறிதல் பிரிவுக்குத் தலைமை தாங்கிய ஆர். சங்கரநாராயணன், 1996இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். பதின்மூன்று பகுதிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஏழு பகுதிகளில் மட்டும் 35 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் வாயைப் பரிசோதித்தார்கள். பரிசோதித்தவர்கள் மருத்துவம் படிக்காத, ஆனால் இதற்கென்றே பயிற்சி பெற்ற பட்டதாரிகள். வீடு வீடாகச் சென்றார்கள். மூன்று ஆண்டு இடைவெளியில் மூன்று சுற்று முடித்தார்கள். 2005இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது. பழக்கம் இல்லாதவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது தெளிவான பயன் நிறுவப்படவில்லை. ஆகவே இம்முகாமில் வெற்றிலை, புகையிலை, பீடி, மதுப் பழக்கம் உள்ளவர்களுக்கு முதலிடம் கொடுத்தது மிகச் சரியான ஏற்பாடு. "நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குதான்" என்று ஒதுங்கி நின்றவர்களையும் அழைத்துப் பார்த்ததை நான் தனியாகப் பாராட்ட வேண்டும். பாக்கே புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று அதே பன்னாட்டு முகமை 2004ஆம் ஆண்டின் அறிக்கையில் சொல்லியிருக்கிறது.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். மாமியாரிடம் கொடுத்த சீட்டு முழுக்க மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. எங்கள் லயங்களில் மூத்த பெண்களுக்குத் தமிழ் எழுத்தே தட்டுத்தடுமாறித்தான் வரும். எங்கே போவது, யாரைப் பார்ப்பது, எதை எடுத்துச் செல்வது என்பதை எல்லாம் நான் படித்துச் சொன்னதால்தான் அவர் கோட்டயத்துக்கு வர இசைந்தார். அங்கே சிறு சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்து, புற்று இல்லை, ஆனால் வெற்றிலையை விட்டுவிட்டுத் தொடர்ந்து காட்டி வர வேண்டும் என்றார்கள். அவரோடு சீட்டு வாங்கிய பக்கத்து லயத்து அக்கா ஒருவர் இன்னும் மலை இறங்கவில்லை. ஒரு நாள் கூலி போய்விடும், துணைக்கு வருபவரின் கூலியும் போய்விடும் என்பது அவருடைய கணக்கு; அதைத் தவறென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திருவனந்தபுரம் ஆய்விலும் இதே இடத்தில்தான் ஆட்கள் விடுபட்டார்கள். சந்தேகத்துக்குரிய மாற்றம் இருப்பதாகக் கண்டறியப்பட்ட 5145 பேரில் மருத்துவரிடம் சென்றவர்கள் 3218 பேர், அதாவது 63 சதவீதம். அவ்வளவு கவனமாக நடத்தப்பட்ட ஆய்விலேயே இந்த நிலை என்றால், சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு ஜீப் ஏறிவிடும் முகாமில் எத்தனை பேர் விடுபடுவார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த ஆய்வின் 15 ஆண்டுத் தொடர் கண்காணிப்பில், பின்னர் நடந்த நான்காவது சுற்றையும் சேர்த்து நான்கு சுற்றுகளுக்கும் தவறாமல் வந்த பழக்கமுள்ளவர்களிடம் சாவு 81 சதவீதம் குறைந்திருந்தது. தவறாமல் வருபவர்கள் இயல்பாகவே உடலைப் பேணுபவர்களாகவும் இருக்கக்கூடும் என்பதால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் ஒரே ஒருமுறை வந்து போவதால் பெரும்பயன் இல்லை என்பது என் துணிபு. அடுத்த சுற்று எப்போது என்று நான் கேட்டதற்கு முகாமில் எவரிடமும் பதில் இல்லை.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்; அவர்களுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லப்படவில்லை. எங்களில் பலருக்குச் சொந்தபந்தம் உள்ள திண்டுக்கல் மாவட்டத்தில், இதே சங்கரநாராயணன் குழு 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு அசெட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனையைச் செவிலியர்களைக் கொண்டு நடத்தியது. கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் வெளியிட்டார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

இம்முகாம் உங்கள் எஸ்டேட்டுக்கு வந்தால், வெற்றிலை போடும் பெரியவர்களைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். சீட்டு கொடுத்தால் அங்கேயே தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். தமிழ்ச் சீட்டு, மலை இறங்கும் நாளுக்குக் கூலியோடு விடுப்பு, அடுத்த சுற்றுக்கான தேதி ஆகிய மூன்றையும் கேட்டு நாங்கள் கையெழுத்துப் போட்டு முகாம் பொறுப்பாளரிடமும் எஸ்டேட் அலுவலகத்திலும் மனு கொடுத்திருக்கிறோம்.