தரம் 3, இரண்டாம் தவணை: ஊர்ப் பள்ளிக்கூடமா, நகரப் பாடசாலையா?

சித்திரை விடுமுறை முடிந்து இரண்டாம் தவணை தொடங்கும்போது இலங்கையின் வன்னிக் கிராமங்களில் பெற்றோர் பலர் ஒரே கேள்வியோடு நிற்பார்கள். பிள்ளையை ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே விடுவதா, வான் பிடித்து நகரப் பாடசாலைக்கு அனுப்புவதா? இரண்டு வகைப் பாடசாலைகளிலும் ஆரம்பப் பிரிவில் படிப்பித்தவள் என்பதால் இந்தக் கேள்வி என்னிடமும் அடிக்கடி வரும். எந்தப் பாடசாலைக்குப் பெயர் இருக்கிறது, யாருடைய பிள்ளை எங்கே போகிறது, தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் எங்கே எத்தனை பேர் சித்தியடைந்தார்கள் என்றுதான் பேச்சு போகும். ஒரு தவணையில் அந்தப் பிள்ளை தமிழில் என்ன கற்கும், கணிதத்தில் என்ன கற்கும், சுற்றாடலில் என்ன கற்கும் என்று பாடம் பாடமாகக் கேட்பவர்கள் குறைவு. அப்படிக் கேட்டுப் பார்த்தால் விடை பாடத்துக்குப் பாடம் மாறுகிறது.

ஒப்பிடுவதற்குத் தரம் 3ஐ எடுத்துக்கொள்கிறேன். முதல் இரண்டு தரங்களில் விளையாட்டும் செயற்பாடும் மேலோங்கி நிற்க வேண்டும் என்பது நமது ஆரம்பக் கல்வித் திட்டத்தின் அடிப்படை. 3இலும் 4இலும் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை மூன்றும் ஏறத்தாழச் சமமாகின்றன. 5இல் எழுத்து வேலை கூடுகிறது. ஆகவே நடுவில் நிற்கும் மூன்றாம் தரத்தில்தான் ஒரு பாடசாலை பிள்ளையை எப்படி நடத்துகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

ஒரு பக்கத்தில் துணுக்காய், ஒட்டுசுட்டான், அக்கராயன், நெடுங்கேணிப் பக்கங்களில் இருக்கும், உயர்தர வகுப்பு இல்லாத வகை 3, வகை 2 பாடசாலைகள். வகுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தாலே அங்கே பெரிய வகுப்பு. மறுபக்கத்தில் கிளிநொச்சி, வவுனியா நகரங்களிலும் மல்லாவி, புதுக்குடியிருப்பு போன்ற சிறு நகரங்களிலும் ஆரம்பப் பிரிவோடு இயங்கும் பெரிய பாடசாலைகள். அங்கே ஒரு வகுப்பு நாற்பதை நெருங்கும். பாடநூல் இரண்டிலும் ஒன்றுதான். 1980இலிருந்து அரசு இலவசமாகக் கொடுத்துவரும் நூல்கள் அவை. ஆசிரியர் வழிகாட்டியும் மகரகமவில் இருக்கும் தேசிய கல்வி நிறுவகம் தயாரித்த அதே வழிகாட்டிதான். நகரப் பாடசாலையில் வேறு பாடம் நடக்கிறது என்று சில பெற்றோர் நம்புகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. வேறுபடுவது அந்த நூல் வகுப்பில் என்ன ஆகிறது என்பதே.

முதலில் தமிழ். மூன்றாம் தரத்துப் பிள்ளை இந்தத் தவணையில் ஒரு சிறு கதையைத் தட்டுத்தடுமாறாமல் வாசித்து, அதில் என்ன நடந்தது என்று தன் சொற்களில் சொல்லி, நான்கைந்து வசனங்கள் கோவையாக எழுதப் பழக வேண்டும். கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என்ற நான்கில் வாசிப்புக்குத்தான் ஆசிரியரின் காது அதிகம் தேவை. ஒரு பாடவேளை 40 நிமிடம், வகுப்பில் 38 பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்தான் வருகிறது, அதுவும் ஆசிரியர் வேறு எதையும் செய்யாமல் கேட்டுக்கொண்டே இருந்தால். ஆகவே பெரிய வகுப்பில் கூட்டாக வாசிப்பது வழக்கமாகிவிடுகிறது. எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை அந்தச் சத்தத்துக்குள் மறைந்துகொள்ளும். பக்கத்தில் இருப்பவனின் வாயைப் பார்த்து அதுவும் வாயசைக்கும். தவணைப் பரீட்சை வரும்வரை யாருக்கும் தெரியாது. சில பிள்ளைகள் தரம் 4 வரையும் இப்படியே வந்துவிடுகிறார்கள். இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதைக்கும்.

பன்னிரண்டு பேர் உள்ள வகுப்பில் அப்படி ஒளிய இடமில்லை. ஒவ்வொரு பிள்ளையும் கிழமையில் பல தடவை ரீச்சருக்கு அருகில் வந்து தனியாக வாசிக்கும். ‘ழ’, ‘ள’ எங்கே தடுமாறுகிறது, குறில் நெடில் எங்கே குழம்புகிறது என்று அன்றைக்கே பிடித்துவிடலாம். தமிழ்மொழித் தினப் போட்டிகளும் இதே காலத்தில்தான் வரும். பெரிய பாடசாலையில் பாவோதலுக்கும் பேச்சுக்கும் வகுப்புக்கு ஓரிருவர் தெரிவாவார்கள், மற்றவர்கள் கைதட்டுவார்கள். சிறிய பள்ளிக்கூடத்தில் ஆள் போதாது என்பதாலேயே கூச்சப்படுகிற பிள்ளையும் மேடையேற வேண்டிவரும். வாசிக்கப் புத்தகம் என்று பார்த்தால் மட்டும் ஊர்ப் பள்ளிக்கூடம் பின்னால்தான். வகுப்பின் வாசிப்பு மூலையில் இருக்கும் அட்டை கிழிந்த கதைப் புத்தகங்களைப் பிள்ளைகள் ஒரு தவணைக்குள் இரண்டு தடவை முடித்துவிடுவார்கள். நகரத்தில் நூலகம் இருக்கிறது, பொது நூலகமும் எட்டும் தூரத்தில் இருக்கிறது.

சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்ற பாடத்தில் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஈடு கிடையாது. நீர், உணவு, விலங்குகள், நமக்கு உதவுவோர், போக்குவரத்து என்று கருப்பொருள்கள் ஒவ்வொரு தரத்திலும் திரும்பத் திரும்ப வரும், ஆழம் மட்டும் கூடும். இரண்டாம் தவணை வன்னியில் சிறுபோக காலம். குளத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்த்து, எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு எந்தக் குளத்தின் கீழ் இருந்தாலும் அந்த முடிவு ஒவ்வொரு வீட்டுச் சமையலறையையும் தொடும். சோளகக் காற்று வீசும், குளத்தின் விளிம்பு உள்ளே போய்க்கொண்டிருக்கும், பாலைப்பழம் பழுக்கும். ‘நீர்’ என்ற பாடத்தை இந்த மாதங்களில் குளக்கட்டில் நின்று படிப்பித்தால் துருசு, வாய்க்கால், வான்கதவு எல்லாம் பிள்ளையின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். குளக்கட்டில் ஒரு தடியை நட்டுக் கிழமைக்கு ஒருமுறை நீர் விளிம்பு எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்று அளந்து கொப்பியில் குறித்தால் சுற்றாடலும் கணிதமும் தமிழும் ஒரே மணித்தியாலத்தில் நடந்துவிடும். நகரப் பாடசாலையில் 38 பிள்ளைகளை மதிலுக்கு வெளியே கொண்டுபோக அனுமதி வேண்டும், துணைக்கு ஆசிரியர் வேண்டும், வீதியைக் கடக்க வேண்டும். அதனால் பாடம் கரும்பலகையில் படமாக முடிந்துவிடும்.

வெளியே கூட்டிப்போகிற ரீச்சர் இருந்தால்தான் இந்த நன்மை உண்டு. குளம் பின்வளவில் இருந்தும் புத்தகத்தைப் பார்த்து எழுதவைக்கிற வகுப்புகளும் உண்டு. வெளியே போவதற்கு முன், போர் நடந்த மண்ணில் வளரும் வன்னிப் பிள்ளைக்கு இன்னொரு பாடமும் வேண்டும். இனம்தெரியாத இரும்புப் பொருளைக் கண்டால் தொடக்கூடாது, கல் எறியக்கூடாது, வந்த வழியே திரும்பிப் போய்ப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். போர் முடிந்த 2009க்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு இது பழைய கதை என்று விட்டுவிட முடியாது. ஒவ்வொரு தவணையும் தொடங்கும்போது சொல்ல வேண்டிய பாடம் இது.

கணிதத்தில் தராசு மற்றப்பக்கம் சாய்கிறது. மூன்றிலக்க எண்கள், கடன் வாங்கிக் கழித்தல், பெருக்கல் வாய்பாடு, மீற்றரும் சென்ரிமீற்றரும், நேரம், பணம் என்று இந்தத் தரத்தில் ஒவ்வொன்றும் முன்னதன் மேல் ஏறி நிற்கும். சிறிய பள்ளிக்கூடங்கள் பலவற்றில் ஒரே ஆசிரியர் 3ஆம், 4ஆம் தரங்களை ஒன்றாக வைத்துப் படிப்பிக்க வேண்டிவரும். பல்தர வகுப்பில் சுற்றாடல் பாடம் கெடாது. ஒரே கருப்பொருளை இரண்டு ஆழத்தில் நடத்தலாம், சின்னவர்கள் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டே பாதி கற்றுக்கொள்வார்கள். கணிதத்தில் அப்படிச் செய்ய முடியாது. ஒரு தரத்துக்குக் கழித்தலை விளக்கும்போது மற்றத் தரம் பார்த்தெழுதிக்கொண்டு காத்திருக்கும். தவணை முடிவில் பார்த்தால் இரண்டு தரமும் பாதிப் பாடத்தில் நிற்கும். நகரப் பாடசாலையில் தரத்துக்கு ஓர் ஆசிரியர் நிச்சயம் இருப்பார், பாடத்திட்டம் ஒழுங்காக நகரும்.

அளவீடு மட்டும் இதற்கு விலக்கு. விடியற்காலையில் பால் சேகரிப்பு நிலையத்துக்கு அப்பாவோடு போய்வரும் பிள்ளைக்கு லீற்றரும் மில்லிலீற்றரும் புதிதாகச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. நெல் மூடை நிறுப்பதைப் பார்த்த பிள்ளைக்குக் கிலோகிராம் கையில் தெரியும். ரீச்சர் அந்த அறிவைக் கேட்டு வாங்கிக் கணக்காக்கினால் போதும்.

ஆங்கிலத்தில் ஒப்பிடவே ஒன்றுமில்லை, நகரம்தான். முதல் இரண்டு தரங்களில் வாய்மொழியாகப் பழகிய ஆங்கிலம் மூன்றாம் தரத்தில் பாடநூலோடு முறையான பாடமாகிறது. ஆங்கில ஆசிரியர் இல்லாத, அல்லது கிழமையில் ஓரிரு நாள் மட்டும் வந்துபோகிற பள்ளிக்கூடத்தில் அந்த நூல் புதிதாகவே இருக்கும். இரண்டாம் மொழியான சிங்களத்துக்கும் இதே நிலைதான். வவுனியா நகரப் பிள்ளைக்குக் கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் சிங்களம் காதில் விழுகிறது. முல்லைத்தீவின் உள்ளூர்ப் பிள்ளைக்கு அதுவும் இல்லை.

சமய பாடத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் சைவப் பிள்ளைகள் பெரும்பான்மையாக இருக்கும் சிறு பள்ளிக்கூடத்தில் கத்தோலிக்கப் பிள்ளை ஒன்றோ இரண்டோ இருந்தால் சைவநெறிப் பாடவேளையில் அவர்கள் சும்மா இருக்கிறார்களா என்று பாருங்கள். சங்கீதம், நடனம் என்றால் நகரத்தில் அதற்கென்று ஆசிரியர் இருப்பார். சித்திரமும் கைவேலையும் எங்கும் நடக்கும்.

இனி, பாடவேளைக்கு வெளியே இருக்கும் பெரிய இழப்பு ஒன்று. வான் ஊரெல்லாம் சுற்றிப் பிள்ளைகளை ஏற்றுவதால் முதலில் ஏறுகிற பிள்ளை விடியுமுன் எழும்ப வேண்டும், திரும்பி வரும்போது கடைசியாக இறங்க வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை காலைச் சாப்பாட்டை வானுக்குள் முடித்து, முதல் பாடவேளையில் கொட்டாவி விட்டு, பின்னேரம் வீட்டுக்கு வந்து விழுந்து தூங்கும். எழுந்தவுடன் தனியார் வகுப்பு. அந்தப் பிள்ளைக்கு ஊரில் தன்னோடு விளையாட யாருமில்லை. விளையாட்டைக் கற்றலின் ஒரு பகுதியாகப் பாடத்திட்டமே எழுதி வைத்திருக்கும் வயது இது.

தனியார் வகுப்பைத் தொடாமல் இந்த ஒப்பீடு முடியாது, ஏனென்றால் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் இப்போது தரம் 3 வரை நீண்டுவிட்டது. 1940களில் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்விச் சீர்திருத்தத்தோடு வந்த ஏற்பாடு அது. வசதி குறைந்த கிராமத்துப் பிள்ளை நல்ல பாடசாலைக்குப் போக வழிவிடுவதே அதன் நோக்கம். இன்று அதே பரீட்சையைக் காட்டிக் கிராமத்துப் பிள்ளையை முதலாம் தரத்திலேயே ஊரைவிட்டு எடுக்கிறார்கள். இரண்டு வினாத்தாள்கள், 200 புள்ளிகள். அதில் சுற்றாடலிலிருந்தும் வினாக்கள் வருகின்றன, தமிழை விளங்கி வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு எந்த வினாவும் விளங்காது. மாதிரி வினாத்தாள்களை மூன்றாம் தரத்திலிருந்து அடுக்கிச் செய்வதால் பிள்ளைக்குப் பழக்கப்படுவது விடைக்குக் கீழே கோடிடுவது மட்டும்தான். நகரத்துப் பின்னேர வகுப்புகளில் இது அதிகம். ஊரிலும் இப்போது தொடங்கியிருக்கிறது. ஊரில் நன்றாகப் படித்த பிள்ளைக்கு 6ஆம் தரத்தில் பெரிய பாடசாலைக் கதவு திறக்கும் என்பதைப் பெற்றோர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் ஐந்து வருடம் ஊரில் படித்ததால் அந்தக் கதவு மூடுவதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு பாடசாலைக்கு எத்தனை ஆசிரியர் என்பது மாணவர் தொகையைப் பார்த்தே தீர்மானிக்கப்படுகிறது. நான்கு பிள்ளைகளை வானில் ஏற்றினால் மிச்சமிருக்கும் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் குறையும், இரண்டு தரங்கள் ஒன்றாகும், கணிதம் பாதியில் நிற்கும், அதைப் பார்த்து இன்னும் மூன்று பிள்ளைகள் போகும். மீள்குடியேற்றத்தின்போது தறப்பாளுக்குக் கீழும் மரத்துக்குக் கீழும் திரும்பத் தொடங்கிய பள்ளிக்கூடங்கள் இவை. ‘அண்மையிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை’ என்று அரசு ஒரு திட்டமே நடத்தியது. கட்டடங்கள் எழும்பின. ஆசிரியர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் பஸ்ஸில் வந்துபோய், இடமாற்றம் கிடைத்ததும் போய்விடுகிற நிலை அதனால் மாறிவிடவில்லை.

என் தீர்ப்பு இது. தரத்துக்கு ஓர் ஆசிரியர் இருக்கும் ஊர்ப் பள்ளிக்கூடமாக இருந்தால் தரம் 5 வரை பிள்ளையை அங்கேயே விடுங்கள். தமிழும் சுற்றாடலும் வேர்விடும் வயதில் ஆங்கிலத்துக்காக மட்டும் இரண்டையும் இழக்க வேண்டாம். இரண்டு தரங்களை ஒருவர் பார்த்தாலும் கணிதத்துக்கு மட்டும் தரங்களைப் பிரித்து நடத்த அதிபர் ஏற்பாடு செய்கிறாரா என்று கேளுங்கள். செய்கிறார் என்றால் இருக்கலாம். தவணை தொடங்கி ஒரு மாதமாகியும் வகுப்பாசிரியரே இல்லை, யாரோ வந்து பார்த்துப் போகிறார்கள் என்றால் தயங்காமல் மாற்றுங்கள். அந்தப் பிள்ளையின் ஒரு வருடம் திரும்பி வராது. நகரத்தில் சேர்ப்பதாக இருந்தால் பாடசாலைக்கு அருகில் உறவினர் வீடு இருக்கிறதா என்று பாருங்கள். வகுப்பாசிரியரைச் சந்தித்து, பிள்ளையைக் கிழமையில் ஒருமுறையாவது தனியாக வாசிக்கவைத்துக் கேட்கச் சொல்லிக் கேளுங்கள். அதைக் கேட்கப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு.

தீர்மானிக்கும் முன் பிள்ளையின் கொப்பிகளை எடுத்துப் பாருங்கள். சுற்றாடல் கொப்பியில் பிள்ளை தானாகக் கண்டு எழுதியது ஏதாவது இருக்கிறதா, கணிதக் கொப்பியில் பிழைகள் திருத்தப்பட்டு அதே வகைக் கணக்கு மீண்டும் செய்யப்பட்டிருக்கிறதா, தமிழ்க் கொப்பியில் கரும்பலகையைப் பார்த்தெழுதாத வசனம் ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுங்கள். ஆங்கிலக் கொப்பி வெறுமையாக இருந்தால் பாடசாலை அபிவிருத்திக் குழுவைக் கூட்டி, எல்லாப் பெற்றோரும் கையொப்பமிட்ட கடிதத்தை அதிபர் ஊடாக வலயக் கல்விப் பணிமனைக்கு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கடிதத்தை மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு எழுதுங்கள்.