பைக் பேட்டரியில் எழுந்த பெரிய வண்டி

ஆம்பூரிலிருந்து மச்சான் போன் செய்தான். "மாமா, சின்ன எஸ்யூவி எல்லாம் விலை இறங்கியிருக்கு. அதை எடுக்கட்டுமா, இல்ல உங்களுது மாதிரி ஹைபிரிட்டே போயிடட்டுமா?" கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலைதான் என் வண்டி தெருவே பார்க்க மானத்தை வாங்கியிருந்தது. எரிச்சலில் என்னவோ சொல்லி போனை வைத்துவிட்டேன். பாவம், நியாயமான கேள்விதான். அதனால் நிதானமாக எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். நிதானம் கடைசி வரை தாங்குமா, பார்ப்போம்.

என்னுடையது ஏழு பேர் உட்காரும் இரண்டு லிட்டர் பெட்ரோல் ஹைபிரிட், அதாவது பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டுவது. 2023 மார்ச்சில் எடுத்தது, இப்போது 61,000 கிலோமீட்டர். கம்பெனி பெயரைச் சொன்னால் கட்சி கட்டிக்கொண்டு வருவார்கள், விடுங்கள்.

எடுக்கிற நேரத்தில் வீட்டில் எல்லாருக்கும் சின்ன எஸ்யூவி மேல்தான் கண். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு ஷோரூமில் ஏற்றிப் பார்த்தேன். முட்டி வலிக்காரர். ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு இன்னொரு காலைத் தூக்க முடியாமல் கதவைப் பிடித்தபடி, "ஏணியும் சேர்த்துக் குடுப்பாங்களா?" என்று விற்பனைப் பையனைக் கேட்டார். பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் நடுவில் இருப்பவர் அரை இடுப்பில்தான் உட்கார வேண்டும். குடியாத்தத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனால் சீர்த்தட்டுகளை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வண்டிகள் பின்பக்கம் கத்தரித்த மாதிரி முடிவதற்குக் காரணம் வரி. 2006 பட்ஜெட்டில் நான்கு மீட்டருக்குள் அடங்கும் சின்ன எஞ்சின் கார்களுக்கு வரியைக் குறைத்தார்கள். அன்றிலிருந்து நம் ஊர்க் கார்களுக்கு அளவெடுப்பது அந்த நான்கு மீட்டர் டேப்தான். உயரத்தைக் கூட்டலாம், சக்கரத்தைப் பெரிதாக்கலாம், டிக்கியை மட்டும் வெட்டியாக வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் அந்த டேப்புக்கு மதிப்பு இன்னும் கூடிவிட்டது. நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசிக்குள் இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம். முன்பு செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து பெட்ரோலுக்கு 29, டீசலுக்கு 31 என்று இருந்தது. என் வண்டி ரகத்துக்கு 43 இருந்தது 40 ஆனது. பெட்ரோலை மிச்சப்படுத்தும் வண்டிக்குக் குறைத்தது மூன்று சதவீதம், மிச்சப்படுத்தாததற்குப் பதினொன்று, பதின்மூன்று. மச்சான் போன் செய்ததற்கு இதுதான் காரணம். அவன் மேல் தப்பில்லை.

இனி புகழ்ச்சி. மைலேஜைப் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். டேங்க் நிரப்பி, மறுபடி நிரப்பி நான் கணக்குப் பார்த்ததில் ஊருக்குள் 17. சென்னைச் சாலையில் எண்பதில் போனால் 19, ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு நூறைத் தாண்டி விரட்டினால் பதினைந்தரை. வேகமாகப் போகும்போது எஞ்சினுக்கு ஓய்வே கிடையாது, அதனால் குறைகிறது. பழைய டீசல் வண்டி பன்னிரண்டைத் தாண்டியதில்லை. போதும்.

என்னை மயக்கியது ஏசி. வேலூரைப் பற்றிய பழைய சொலவடையில் நீரில்லா ஆறும் மரமில்லா மலையும் வரும், வெயிலைச் சேர்க்க மறந்துவிட்டார்கள். அக்கினி நட்சத்திரத்தில் மதியம் இரண்டு மணிக்கு கிரீன் சர்க்கிளில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும். சாதாரண வண்டியில் ஏசி கம்ப்ரசரை எஞ்சின்தான் பெல்ட் போட்டுச் சுழற்றுகிறது. வண்டி நின்றால் எஞ்சின் மெதுவாகும், காற்றில் குளுமை போய்விடும். இதில் கம்ப்ரசருக்குத் தனி மின் மோட்டார். சிக்னலில் எஞ்சின் அணைந்து கிடக்கும், சத்தமே இருக்காது, ஏசி மட்டும் கல்யாண மண்டபத்துப் பாதாம்பால் மாதிரி ஜில்லென்று வந்துகொண்டே இருக்கும். பேட்டரி இறங்கினால் எஞ்சின் ஒரு நிமிடம் எழுந்து தீனி போட்டுவிட்டு மறுபடி படுத்துவிடும். முதல் கோடையில் அம்மா வண்டியை விட்டு இறங்கவே மாட்டேன் என்றார். மச்சான் இதைக் கவனிக்க வேண்டும்: எஞ்சினுக்குக் கைகொடுக்க மட்டும் ஒரு சின்ன மோட்டார் வைத்து, பெயரில் மைல்டு ஹைபிரிட் என்று இருப்பதிலெல்லாம் இது கிடைக்காது. அவற்றில் எஞ்சின் நின்றால் கம்ப்ரசரும் நின்றுவிடும், விசிறிக் காற்றுதான்.

ஏலகிரி இறங்குவது இன்னொரு வேடிக்கை. பிரேக்கை மிதிக்க மிதிக்க மோட்டார் ஜெனரேட்டராக மாறிப் பேட்டரியை நிரப்பும். 14 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூட இறங்கியிருக்க மாட்டோம், பேட்டரி நிரம்பிவிடும். அதற்கு மேல் பிடிக்க இடமில்லாமல் எஞ்சின் சும்மா ஊளையிடும். முதல் தடவை பயந்துபோய் ஓரம் கட்டினேன். கோளாறு எதுவும் இல்லை. கியரை 'B'யில் (பார்க்கிங் 'P' இல்லை) போட்டால் எஞ்சின் பெட்ரோல் குடிக்காமலே சுழன்று வண்டியைப் பிடித்துக்கொள்ளும். மிச்ச வளைவுகளை அப்படித்தான் இறங்க வேண்டும்.

சரி, மானம் போன கதைக்கு வருகிறேன்.

தீபாவளி முடிந்து குடும்பத்தோடு காசி, கயா. பதினெட்டு நாள் கழித்து விடியற்காலையில் காட்பாடியில் இறங்கி, ஆட்டோ பிடித்து சத்துவாச்சாரி வந்து சேர்ந்தோம். ஏழு மணிக்கு அம்மாவுக்கு ஆஸ்பத்திரி டோக்கன். சாவியை அழுத்தினால் சத்தம் இல்லை. சாவிக்குள் ஒளிந்திருந்த இரும்புச் சாவியை நகத்தால் நோண்டி எடுத்துக் கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு விளக்குகூட இல்லை.

இதில் இரண்டு பேட்டரி. பெரியது சக்கரத்தைச் சுழற்றுவது. சின்னது எல்லாக் காரிலும் இருக்கும் அதே 12 வோல்ட். கம்ப்யூட்டர்களை எழுப்பி, பெரிய பேட்டரியின் ரிலேயை, அதாவது அதன் மின் சுவிட்சை, மூடுகிற வேலை சின்னதுக்கு. அது மூடினால்தான் பெரியதிலிருந்து மின்சாரம் வெளியே வரும். சின்னது செத்துவிட்டால் பெரியது நிறைந்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை. வீடு நிறைய அரிசி, பூட்டின சாவி வெளியூரில் என்கிற கதை.

அதற்குள் தெரு கூடிவிட்டது. "செகண்ட் கியர்ல போட்டு விடுங்க சார், நாங்க தள்றோம்." இதில் கிளட்சும் இல்லை, செகண்ட் கியரும் இல்லை. சொன்னால் நம்பவில்லை. தள்ளிப் பார்த்தார்கள். ஹேண்ட்பிரேக்கும் மின்சாரத்தில் வேலை செய்வது, கரண்ட் இல்லாமல் விடாது. நாலு பேர் தள்ளியும் அம்மி மாதிரி அசையவில்லை. எதிர்வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, "இதுக்குத்தான் டீசல் வாங்கணும்ங்கறது" என்றார். போன வருடம் அவர் வண்டி படுத்தபோது என் வண்டி பேட்டரியிலிருந்து ஒயர் போட்டு 'ஜம்ப்' கேட்டு, ஹைபிரிட்டிலிருந்து கொடுக்கக் கூடாது என்று கையேட்டில் போட்டிருக்கிறது என நான் மறுத்தேன். அந்தக் கணக்கைத் தீர்த்துக்கொண்டார். அம்மா ஆட்டோவில் போனார்.

எட்டரைக்கு மெக்கானிக் தம்பி வந்தான், பழைய பைக்கில். பேட்டரி கொண்டு வரவில்லையா என்றதற்கு, "இதுக்கு ஸ்டார்ட்டர் மோட்டாரே கிடையாதுண்ணா, கம்ப்யூட்டர் முழிச்சா போதும்" என்று சொல்லிவிட்டு பைக்கின் பேட்டரியைக் கழற்றினான். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. செத்ததைக் கழற்றிவிட்டு அதை மாட்டினான். முதல் தடவை விளக்கு மட்டும் மினுக்கியது. இரண்டாவது தடவை 'ரெடி' என்று வந்துவிட்டது. இவ்வளவு பெரிய வண்டி பைக் பேட்டரியில் எழுந்ததைப் பார்த்துத் தெருவே கை தட்டியது. எனக்கு அழுகை வராத குறை.

சர்வீஸ் சென்டரில் புது பேட்டரி போட்டார்கள், எட்டாயிரத்துச் சொச்சம். ஏன் இறங்கியது என்று கேட்டால், ஓட்டாமல் வைத்தால் இறங்கும் சார் என்றார்கள். பதினெட்டு நாளிலா? மனசு கேட்காமல் அதே மெக்கானிக்கிடம் விட்டேன். பத்து நிமிடத்தில் பிடித்துவிட்டான். மலிவாக முடிகிறதே என்று ஒரு சின்னக் கடையில் நான் மாட்டிய டேஷ்கேம். நிற்கும்போதும் படம் பிடிக்கட்டும் என்று எப்போதும் கரண்ட் வரும் ஒயரில் சொருகியிருக்கிறார்கள். பதினெட்டு நாளும் என் வீட்டு இரும்பு கேட்டைப் படம் பிடித்தே பேட்டரியைக் குடித்திருக்கிறது. ஆக, குற்றவாளி நான்தான், பாதி அந்தக் கடை. நியாயம் அதுதான்.

ஆனாலும் கோபம் தீரவில்லை. அவ்வளவு பெரிய பேட்டரியைச் சுமக்கும் வண்டி, சின்னது சாகப்போகிறது என்று தெரிந்தால் பெரியதிலிருந்து ஒரு வாய் ஊட்டிவிடக் கூடாதா? 3,500 ரூபாய்க்கு ஒரு ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்கினேன், செங்கல் அளவு லித்தியம் பெட்டி. டிக்கியில் வைத்தேன். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது: பேட்டரி செத்தால் இந்த டிக்கியும் திறக்காது. முன்னால் வைக்கலாம் என்றால், மூடிய காருக்குள் வேலூர் வெயிலில் லித்தியத்தை வேக வைக்கப் பயமாக இருக்கிறது. இப்போது அது பூஜை அறை அலமாரியில், விளக்கெண்ணெய் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வண்டி வீட்டு வாசலில் செத்தால் மட்டும் உதவும்.

மச்சானுக்கு மறுபடி போன் செய்தேன். இடம், ஏசி, பெட்ரோல், அம்மாவின் முட்டி எல்லாவற்றையும் சொன்னேன். "அப்போ இதையே எடுத்துடறேன் மாமா" என்றான். வேண்டாம்டா, விலை இறங்கியிருக்கிற சின்னதையே எடு என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று மனைவி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். என் வண்டியை விற்கிற எண்ணம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஷோரூமுக்குக் கூட வரச் சொல்லியிருக்கிறான். வருகிறேன், உன் பைக்கை எடுத்துக்கொண்டு வா, அதிலேயே போகலாம் என்றேன்.