கோட்ஹார்ட்டைக் கடக்க நான்கு வழிகள்

ஐரோப்பா போய் வந்தவர்கள் ஈபிள் கோபுரத்தையும் பைசாவையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது நான் பேச்சை மெதுவாக ஒரு மலைப்பக்கம் திருப்பிவிடுவேன். "ஆரம்பிச்சாச்சு" என்று வீட்டில் எழுந்து போய்விடுவார்கள். அந்த மலை சுவிட்சர்லாந்தின் கோட்ஹார்ட். அதற்கு வடக்கே ஊரி மாநிலம், ஜெர்மன் பேச்சு. தெற்கே டிசினோ, இத்தாலியப் பேச்சு. பத்து வருடத்தில் மூன்று பயணங்கள், நான்கு விதமாகக் கடந்தாயிற்று: டூர் பஸ்ஸில் சாலைச் சுரங்கம், வேக ரயிலில் புதுச் சுரங்கம், பழைய மலை ரயில் பாதை, கடைசியாக மஞ்சள் பஸ்ஸில் கணவாய்க்கு மேலேயே.

எது மேல் என்று பார்க்க என்னிடம் ஒரு அளவுகோல் உண்டு. வடக்குச் சரிவில் வாசென் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு மேட்டின் மேல் வெள்ளைச் சுவர் சர்ச். அது எத்தனை முறை கண்ணில் பட்டது என்பதுதான் கணக்கு.

முதலில் டூர் பஸ். 2013 மே மாதம், அப்பா அம்மாவோடு, சென்னையிலிருந்து கிளம்பிய நாற்பது பேர் கூட்டம். டிட்லிஸ் பனிமலை பார்த்த மறுநாள் இத்தாலிக்குப் பயணம். சாலைச் சுரங்கம் 16.9 கிலோமீட்டர், 1980இல் திறந்தது. ஒரே குழாய், எதிரும் புதிருமாக வண்டிகள். 2001 அக்டோபரில் உள்ளே இரண்டு லாரிகள் மோதித் தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு லாரிகளை மொத்தமாக உள்ளே விடுவதில்லை, இடைவெளி பார்த்துத்தான் விடுகிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் இதற்குச் 'சொட்டு எண்ணும் முறை' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் போனது விடுமுறைக் கூட்டம் வேறு. சுரங்க வாய்க்கு ரொம்ப தூரத்துக்கு முன்பே பஸ் நின்றுவிட்டது.

ஒன்றரை மணி நேரம். அந்தாக்ஷரி பாடி முடித்தார்கள், முறுக்கு பாக்கெட் கை மாறிக் கை மாறிக் காலியானது. டூர் மேனேஜர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டிரைவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் டிரைவர் முக்கால் மணி நேரம் ஓய்வெடுத்தே ஆகவேண்டும், வண்டியில் இருக்கும் கருவி அதைப் பதிந்துகொண்டே இருக்கும். "இப்படியே நின்னா மிலானில் சர்ச்சை வெளியே நின்னுதான் பார்க்கணும் சார்" என்றார். அப்படித்தான் ஆயிற்று. ஜன்னலுக்கு வெளியே அருவிகள், பச்சைச் சரிவு, மேட்டின் மேல் வெள்ளையாக ஒரு சர்ச். அது என்ன ஊர் என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. சுரங்கத்துக்குள் நுழைந்த பிறகு பதினைந்து நிமிடம் மஞ்சள் விளக்கு, அவ்வளவுதான். கணக்குப்படி சர்ச் ஒரு முறை, ஆனால் ஒன்றரை மணி நேரம்.

இரண்டாவது, புது ரயில் சுரங்கம். 2018இல் வேலை விஷயமாகச் சூரிச்சிலிருந்து மிலான் போனேன். இந்தச் சுரங்கம் 57 கிலோமீட்டர், உலகிலேயே நீளமான ரயில் சுரங்கம். 2016 ஜூனில் திறப்பு விழா, டிசம்பரில் வழக்கமான ஓட்டம். எர்ஸ்ட்ஃபெல்டில் உள்ளே போகிறது, போடியோவில் வெளியே வருகிறது. தலைக்கு மேல் சில இடங்களில் 2,300 மீட்டர் பாறை, தோண்டும்போது அந்தப் பாறையின் சூடு 45 டிகிரியைத் தொட்டதாம். இதெல்லாம் படித்துவிட்டுப் போய் உட்கார்ந்தால், இருபது நிமிடம் கறுப்பு ஜன்னலில் என் முகமே தெரிந்தது. காது லேசாக அடைத்தது. எதிர் சீட்டுக்காரர் வெள்ளரிக்காய் சான்ட்விச்சைச் சாப்பிட்டு முடித்தார். வெளியே வந்தால் தெற்கத்தி வெயில். மலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சர்ச் பூஜ்யம்.

குறை சொல்லவில்லை. எனக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு மிலானில் மீட்டிங், போய்ச் சேர்ந்தேன். இந்தச் சுரங்கம் சுற்றுலாவுக்காகத் தோண்டியதும் இல்லை, சரக்கு லாரிகளை ரோட்டிலிருந்து தண்டவாளத்துக்கு மாற்றத் தோண்டியது. மிலான் வரை போகும் வண்டிக்கு சீட் முன்பதிவு கட்டாயம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

மூன்றாவதற்கு என் சாமர்த்தியம் எதுவும் காரணமில்லை. 2023 ஆகஸ்ட் 10ஆம் தேதி அதே புதுச் சுரங்கத்துக்குள் ஒரு சரக்கு ரயில் சக்கரம் உடைந்து தடம் புரண்டது. கிலோமீட்டர் கணக்கில் தண்டவாளம் நாசம், முழுமையாகச் சரியாக 2024 செப்டம்பர் ஆகிவிட்டது. நானும் மனைவியும் 2023 செப்டம்பர் நடுவில் லூகானோ போகச் சூரிச் ஸ்டேஷனில் நிற்கிறோம். பயணிகள் ரயில்கள் பழைய மலைப் பாதையில் போகும், ஒரு மணி நேரம் கூடும் என்று அறிவிப்பு. நடைமேடையில் எல்லோர் முகமும் சுண்டிவிட்டது. நான் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து மனைவி, "லேட்டாகுதுன்னு சொல்றாங்க, புரியுதா?" என்று கேட்டாள்.

அந்தப் பாதை 1882இல் முடிந்தது. உச்சியில் கோஷெனென் முதல் ஐரோலோ வரை 15 கிலோமீட்டர் சுரங்கம், வெடிமருந்தும் கைவேலையுமாகப் பத்து வருடம். ஒப்பந்தக்காரர் லூயி ஃபாவ்ர் 1879இல் சுரங்கத்துக்குள்ளேயே மயங்கி விழுந்து இறந்தார். 1875இல் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் மேல் துப்பாக்கிச் சூடு, நால்வர் சாவு. விபத்திலும் நோயிலும் போனவர்கள் தனிக்கணக்கு.

ஆனால் எனக்கு வியப்பு அந்த நீளச் சுரங்கம் அல்ல, அதற்கு ஏறிப்போகும் விதம்தான். எர்ஸ்ட்ஃபெல்டிலிருந்து கோஷெனெனுக்குள் ஏறத்தாழ 630 மீட்டர் ஏற வேண்டும். நம் ஊட்டி ரயில் பல்சக்கரத்தைத் தண்டவாளத்தில் பொருத்தி நேராக ஏறிவிடும். இது எக்ஸ்பிரஸ் வண்டிகளும் கனமான சரக்கு வண்டிகளும் ஓட வேண்டிய முக்கியப் பாதை, பல்சக்கரம் ஒத்துவராது. அதனால் தண்டவாளத்தையே மலைக்குள் சுழற்றிவிட்டார்கள். வண்டி சுரங்கத்துக்குள் ஒரு வட்டமடித்து, நுழைந்த இடத்துக்கு மேலே வெளிவருகிறது. அப்புறம் இன்னும் இரண்டு திருப்பங்கள்.

இங்கேதான் வாசென். முதலில் சர்ச் நமக்கு மேலே, அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் இருக்கிறது. இருட்டு. வெளிச்சம் வந்ததும் கிட்டத்தட்ட கண்ணுக்கு நேராக. இந்த நடுத்தட்டில் வண்டி வந்த திசைக்கே திரும்பிப் போகிறது, கீழே ராய்ஸ் ஆறும் நம்மோடு அதே திசையில் ஓடுகிறது. திசை தெரியாமல் மனைவி கைப்பேசியில் வரைபடத்தை எடுத்துப் பார்த்தாள். மறுபடி இருட்டு. மூன்றாம் முறை சர்ச் காலடியில், தீப்பெட்டி அளவில். பக்கத்தில் நெடுஞ்சாலை, அதில் சுரங்கத்துக்குக் காத்து நிற்கும் வண்டிகளின் வரிசை. அப்போதுதான் உறைத்தது: பத்து வருடம் முன்பு நாங்கள் முறுக்கு தின்றுகொண்டு பார்த்துக்கொண்டிருந்தது இந்தச் சர்ச்சைத்தான்.

புதுச் சுரங்கம் சரியாகிவிட்ட பிறகும் இந்தப் பாதை மூடப்படவில்லை. ட்ரெனோ கொட்டார்டோ என்ற செம்பு நிற ரயில் 2020 டிசம்பரிலிருந்து இதில் ஓடுகிறது. முன்பதிவு வேண்டாம். சூரிச்சிலிருந்தும் பாசலிலிருந்தும் ஏறலாம், லோகார்னோ வரை போகிறது. வேக ரயிலோடு ஒப்பிட்டால் ஒரு மணி நேரம் போல் கூடும். அந்த ஒரு மணி நேரத்தைத் தர முடியாதவர்கள் சுவிட்சர்லாந்துக்குப் போய் என்ன பார்க்கிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை. இதைச் சொன்னால் நண்பர்கள் கோபித்துக்கொள்கிறார்கள். சரி, விடுங்கள்.

நான்காவது, திரும்பி வரும்போது. ஐரோலோ வரை ரயில், அங்கிருந்து மஞ்சள் தபால் பஸ். இது கோடையில் மட்டும், பனி விலகிக் கணவாய்ச் சாலை திறந்திருக்கும்போது. குருட்டு வளைவுகளில் டிரைவர் மூன்று சுர ஹாரன் அடிக்கிறார். அது ரொசினியின் 'வில்லியம் டெல்' இசையிலிருந்து எடுத்தது, அந்த நாட்டில் குழந்தைகளுக்கும் தெரிந்த ஒலி. பஸ் போவது புதுச் சாலை. கீழே பாம்பு சுருண்டு கிடப்பதுபோலத் தெரிவது பழைய ட்ரெமோலா சாலை, கருங்கல் பாவியது, 24 கொண்டை ஊசி வளைவுகள். சைக்கிள்காரர்கள் அதில் வேர்த்து விறுவிறுத்து ஏறிக்கொண்டிருந்தார்கள்.

உச்சி 2,106 மீட்டர். சின்னச் சின்ன ஏரிகள், பழைய சத்திரம், ஒரு அருங்காட்சியகம், சாஸேஜ் கடை, கையைக் கடிக்கும் காற்று. இங்கே பெய்யும் மழை வடக்கே சரிந்தால் ராய்ஸ், ரைன் வழியாக வட கடலுக்குப் போகிறது, தெற்கே சரிந்தால் டிசினோ, போ வழியாக ஏட்ரியாட்டிக் கடலுக்கு. மனைவி பாட்டில் தண்ணீரை இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் ஊற்றிவிட்டு வந்தாள்.

வடக்கே இறங்கினால் ஆண்டர்மாட். அங்கிருந்து கோஷெனெனுக்குக் குட்டி ரயில், இதற்குப் பல்சக்கரம் உண்டு. நம் நீலகிரிப் பாதையில் இருக்கும் அதே ஆப்ட் முறை. ஊட்டிக்கு ஏறும் நீராவி எஞ்சின்களில் பழையவை இதே நாட்டில், விண்டர்தூரில் செய்து அனுப்பியவை. வழியில் பிசாசுப் பாலம். பாலம் கட்டித் தந்த பிசாசு கூலியாக முதலில் கடக்கும் உயிரைக் கேட்டதாம், ஊர்க்காரர்கள் ஒரு ஆட்டை ஓட்டிவிட்டார்களாம். கோபத்தில் பாலத்தை உடைக்க அது தூக்கிவந்த பாறை என்று கோஷெனெனில் ஒரு பெரிய கல் இருக்கிறது, 220 டன். 1977இல் நெடுஞ்சாலைக்கு இடைஞ்சல் என்று அதை 127 மீட்டர் நகர்த்தி வைத்தார்கள். பிசாசு போட்டதை இன்ஜினியர் நகர்த்திவிட்டார். கோஷெனெனில் செம்பு ரயில் பிடித்து இறங்கியபோது வாசென் சர்ச் மறுபடியும் மூன்று முறை, இந்தத் தடவை தலைகீழ் வரிசையில்.

ஒரு நாள் கையில் இருந்தால் நான்காவது வழி. அரை நாள் என்றால் பழைய ரயில். ஸ்விஸ் டிராவல் பாஸ் எடுத்தவர்களுக்கு இரண்டுக்கும் தனி டிக்கெட் வேண்டாம். மிலானில் யாராவது காத்திருந்தால் புதுச் சுரங்கம். டூர் பஸ்ஸை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஊருக்கு வந்து ரயிலில் எடுத்த படத்தை அம்மாவிடம் காட்டினேன், பெயர் எதுவும் சொல்லாமல். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தவர், "இது நம்ம பஸ் நின்ன இடம்தானே? பின் சீட்டுப் பொண்ணு வாந்தி எடுத்துச்சே" என்றார்.