குறைத்துச் சாப்பிடுவதா, தேர்ந்து சாப்பிடுவதா? முதுமையைத் தள்ளிப்போடும் உணவுமுறைகள், ஓர் ஒப்பீடு

அப்பாவுக்கு எழுபத்தொரு வயதானபோது இரவுச் சாப்பாட்டை நிறுத்தினார். வயதாக ஆக வயிற்றைக் காயப்போட்டால் ஆயுள் கூடும் என்று யாரோ சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார். எடை குறைந்தது, ரத்தச் சர்க்கரையும் இறங்கியது, அவருக்கு ஒரே சந்தோஷம். எட்டு மாதம் கழித்து ஒரு நாள் அவர் நாற்காலியிலிருந்து எழுவதைப் பார்த்தேன். இரண்டு கைப்பிடிகளையும் அழுத்தி, உடம்பை முன்னால் தள்ளி, இரண்டாவது முயற்சியில்தான் எழுந்தார். கைக்கடிகாரம் மணிக்கட்டில் நிற்காமல் நழுவிக்கொண்டிருந்தது. கொழுப்போடு சேர்ந்து தசையும் கரைந்துவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இளமையைக் காக்கும் என்று சொல்லப்படும் உணவுமுறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

இவற்றில் கலோரிக் குறைப்புக்குத்தான் வரலாறு நீளம். 1935இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே, எலிகளுக்கு வைட்டமினும் தாதுக்களும் குறையாமல் பார்த்துக்கொண்டு, கலோரியை மட்டும் குறைத்தார். வயிறு முட்டத் தின்ற எலிகளைவிட அவை நீண்ட நாள் வாழ்ந்தன. ஈஸ்ட், புழு, ஈ என்று பல உயிர்களில் இதே போக்கு தெரிந்தது. எலிக்குச் சரி, நமக்கு? இந்தக் கேள்விக்காகத்தான் அமெரிக்காவில் இரண்டு இடங்களில் ரீசஸ் குரங்குகளை வைத்து இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சோதனை நடந்தது.

அந்தச் சோதனைகளை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 2009இல், குறைத்துத் தின்ற குரங்குகளில் முதுமை நோய்களால் ஏற்பட்ட சாவு குறைவு என்றது. தேசிய முதுமையியல் நிறுவனம் 2012இல், ஆயுளில் வித்தியாசமே இல்லை என்றது. ஒரே கேள்விக்கு இரண்டு பதில்கள். காரணத்தின் பெரும்பகுதி தீனித் தட்டிலேயே இருந்தது. விஸ்கான்சின் தீனியில் சுமார் 28.5 சதவீதம் வெறும் சர்க்கரை; மற்ற இடத்தில் அது 4 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. விஸ்கான்சினில் ஒப்பீட்டுக்காக வைத்திருந்த குரங்குகள் இஷ்டத்துக்குத் தின்றன. மற்ற இடத்தில் அவற்றுக்கும் அளந்துதான் போட்டார்கள். அதாவது, சர்க்கரை நிறைந்த தீனியை அளவில்லாமல் தின்பதோடு ஒப்பிட்டால் குறைப்பு பெரிதாகக் கைகொடுக்கிறது. ஏற்கெனவே ஒழுங்காகத் தின்றால் குறைப்பதால் வரும் லாபம் சுருங்கிவிடுகிறது. 2017இல் இரு குழுவினரும் தரவுகளைச் சேர்த்து அலசியபோது, ஆரோக்கியத்துக்குப் பலன் உண்டு என்று ஒத்துக்கொண்டார்கள். ஆனால் எந்த வயதில் தொடங்கினார்கள், என்ன தீனி கொடுத்தார்கள், ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து அது மாறியது.

மனிதர்களிடம் நடந்த பெரிய கலோரிக் குறைப்புச் சோதனையின் பெயர் கேலரி (CALERIE). ஐம்பது வயதைத் தாண்டாத, உடல் பருமன் இல்லாத இருநூற்றுச் சொச்சம் பேர் இரண்டு ஆண்டுகள் கலந்துகொண்டார்கள். 25 சதவீதம் கலோரியைக் குறைப்பது இலக்கு. நிபுணர்கள் கூடவே இருந்தும் சராசரியாகச் சுமார் 12 சதவீதம்தான் முடிந்தது. ரத்த அழுத்தமும் கொலஸ்ட்ராலும் நல்ல பக்கம் நகர்ந்தன. 2023இல் அவர்களுடைய டிஎன்ஏ மாற்றங்களை வைத்துக் கணக்கிட்டபோது, ஓர் அளவுகோலில் முதுமையடையும் வேகம் 2 முதல் 3 சதவீதம் குறைந்திருந்தது. வேறு இரண்டு அளவுகோல்களில் மாற்றம் இல்லை. இதற்குக் கொடுத்த விலை இடுப்பிலும் முதுகெலும்பிலும் எலும்பு அடர்த்தி, கூடவே கொஞ்சம் தசை. முப்பத்தைந்து வயதில் இந்த விலையைத் தாங்கலாம். எழுபதில்?

அடுத்தது விரதம், அதாவது நேரம் வைத்துச் சாப்பிடுவது. இதற்கு ஆதரவாக எல்லோரும் சொல்வது ஆட்டோஃபேஜி: செல் தன் பழைய பாகங்களைத் தானே தின்று புதுப்பித்துக்கொள்ளும் வேலை. யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது இதற்குத்தான், ஆனால் அவர் அதைப் பார்த்தது பட்டினி போட்ட ஈஸ்டில். மனிதர் பதினாறு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் முதுமை தள்ளிப்போகும் என்று அந்தப் பரிசு சொல்லவில்லை. 2022இல் சீனாவில் உடல் பருமன் உள்ள 139 பேரை ஓர் ஆண்டு கவனித்தார்கள். இரு பிரிவினருக்கும் ஒரே கலோரி அளவு; ஒரு பிரிவு மட்டும் காலை எட்டிலிருந்து மாலை நாலுக்குள் சாப்பிட வேண்டும். எடைக் குறைவில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. எனவே நேரக் கட்டுப்பாட்டை நான் தனி வழியாகப் பார்ப்பதில்லை. கலோரி எண்ண முடியாதவர்கள் குறைத்துச் சாப்பிட அது ஒரு சுலபமான வாசல். ராத்திரி பத்து மணி நொறுக்குத்தீனியை அது நிறுத்தினால் நல்லதுதான்.

மத்திய தரைக்கடல் உணவுமுறை முற்றிலும் வேறு கட்சி. இங்கே யாரும் பசியோடு எழ வேண்டியதில்லை. காய், பழம், பருப்பு, முழுத்தானியம், மீன், கொட்டைகள், ஆலிவ் எண்ணெய். சிவப்பு இறைச்சியும் இனிப்பும் கொஞ்சமாக. ஸ்பெயினில் நடந்த பிரெடிமெட் ஆய்வில் இதய நோய்க்கு வாய்ப்பு அதிகமுள்ள, 55 முதல் 80 வயது வரையிலான 7,447 பேர் இருந்தார்கள். ஒரு பிரிவுக்கு இந்த உணவோடு தாராளமாக ஆலிவ் எண்ணெய், இன்னொன்றுக்குக் கொட்டைகள், மூன்றாவதுக்குக் கொழுப்பைக் குறைக்கச் சொல்லி அறிவுரை. சுமார் ஐந்து ஆண்டுகளில், முதல் இரண்டு பிரிவுகளிலும் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய்ச் சாவு எல்லாம் சேர்த்துச் சுமார் 30 சதவீதம் குறைந்தன. ஆட்களைப் பிரித்த முறையில் பிழை இருந்தது தெரியவந்ததும், 2013இல் வந்த கட்டுரையை 2018இல் அவர்களே திரும்பப் பெற்று, மறுபடி கணக்கிட்டு வெளியிட்டார்கள்; முடிவு கிட்டத்தட்ட அதேதான். தவறை ஒளிக்காமல் திருத்தியதாலேயே எனக்கு அதன்மேல் நம்பிக்கை கூடியது. எண்ணெயும் கொட்டையும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன என்பதையும் கவனியுங்கள். ஒரே ஒரு மாயப் பொருள் எல்லாவற்றையும் செய்திருந்தால் அப்படி வந்திருக்காது.

இதில் இனிப்புக்கு இடம் குறைவு என்பதும் சும்மா இல்லை. ரத்தத்தில் மிதமிஞ்சி நிற்கும் சர்க்கரை புரதங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். நீரிழிவுக்கு எச்பிஏ1சி பரிசோதனை எடுக்கிறோமே, அது ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அளக்கிறது. இதே ஒட்டல் தோலிலும் ரத்தக்குழாயிலும் உள்ள கொலாஜனில் நடந்தால், அந்த இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து விறைத்துப்போகும்.

மாத்திரைகளைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. 1956இல் டென்ஹாம் ஹார்மன், ஃப்ரீ ரேடிக்கல் எனப்படும் நிலையற்ற மூலக்கூறுகள் செல்களைச் சிதைப்பதால்தான் முதுமை வருகிறது என்ற கருத்தை வைத்தார். அப்படியானால் அவற்றை அடக்கும் ஆன்டிஆக்சிடன்ட் விழுங்கினால் போதுமே என்று உலகம் நினைத்தது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் சோதித்து 1994இல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்திருந்தது. காயிலும் பழத்திலும் இருக்கும்போது நல்லது செய்யும் ஒன்றைப் பிரித்தெடுத்துக் குப்பியில் அடைத்தால் அதே குணம் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பி12 விஷயம் வேறு: வயதானால் வயிற்று அமிலம் குறைந்து, உணவிலிருந்து அது சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். ரத்தப் பரிசோதனையில் குறை தெரிந்தால் மருத்துவர் சொன்னபடி நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

அப்புறம் புரதம். இந்தப் போட்டியின் முடிவையே மாற்றுவது அதுதான் என்று நினைக்கிறேன். 2014இல் அமெரிக்கத் தரவுகளை வைத்து வந்த ஓர் ஆய்வில், 50 முதல் 65 வயதில் அதிகப் புரதம் சாப்பிட்டவர்களிடம் இறப்பு கூடுதலாக இருந்தது. புரதம் தாவரத்திலிருந்து வந்தால் அந்தத் தொடர்பு மங்கியது. 65ஐத் தாண்டியவர்களிடம் நிலைமை தலைகீழ். வெறும் கணக்கெடுப்பு ஆய்வு என்பதால் இதைக் கல்லில் செதுக்கக் கூடாது. ஆனால் தசை பற்றித் தெரிந்ததோடு இது பொருந்துகிறது. வயதான தசைக்குக் காது மந்தமாகிவிடும்: இளைஞருக்குப் போதுமான புரதம் அதற்குக் கேட்காது. பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம், முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்று 2013இல் ஒரு வல்லுநர் குழு பரிந்துரைத்தது. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக் கூடாது. அறுபது கிலோ ஆளுக்கு இது 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் இருப்பது சுமார் 6 கிராம்தான் என்பதை வைத்துப் பார்த்தால், ஒரு வேளையை வெட்டிய பிறகு மீதி இரண்டு வேளையில் இதை நிரப்புவது எவ்வளவு கஷ்டம் என்று புரியும்.

ஐம்பதுக்குள் இருந்து இடுப்பில் சதை போட்டவர் என்னைக் கேட்டால், மத்திய தரைக்கடல் பாணித் தட்டில் கொஞ்சம் அளவைக் குறையுங்கள் என்பேன். அறுபத்தைந்தைத் தாண்டி ஒல்லியாக இருப்பவரிடம் குறைக்கும் பேச்சே வேண்டாம். அதே தட்டில் பருப்பும் மீனும் முட்டையும் தயிரும் கூடட்டும், கூடவே தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் வேண்டும்.

“வயசானவனுக்கு எதுக்குப்பா இவ்வளவு?” என்று அப்பா முதலில் மறுத்தார். மருத்துவரும் சொன்ன பிறகுதான் இரவுச் சாப்பாடு திரும்பி வந்தது. சர்க்கரை ஏறாமல் இருக்க மாவுப்பொருளைக் குறைத்துப் பருப்பையும் முட்டையையும் கூட்டினோம். தினமும் காலையில் நாற்காலியில் பத்து முறை உட்கார்ந்து எழச் சொன்னேன். முதல் வாரம் நாலோடு நிறுத்தினார். ஆறு மாதம் ஆகிறது. இப்போது பெரும்பாலும் கைப்பிடியைத் தொடாமல் எழுகிறார், அசதியான நாட்களில் ஒரு கையை மட்டும் ஊன்றிக்கொள்கிறார்.