ஓடிபியா, செயலி எண்ணா, பாஸ்கீயா: அத்தையின் கைப்பேசியில் மூன்றையும் வைத்துப் பார்த்தபோது

அத்தைக்கு எழுபத்திரண்டு வயது. கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். மின்கட்டணம், எரிவாயு, ஓய்வூதியக் கணக்கு எல்லாவற்றையும் கைப்பேசியில் தானே பார்த்துக்கொள்கிறார். பொங்கலுக்குப் போயிருந்தபோது அவர் மின்கட்டணம் கட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஓடிபி வந்தது. திரையின் மேல்பக்கம் ஓரிரு நொடிகள் நின்று மறைந்தது. அதைத் தேடிக் குறுஞ்செய்திப் பெட்டிக்குப் போனால் கட்டணப் பக்கம் பின்னால் ஒளிந்துகொள்கிறது. அதைத் தேடித் திரும்புவதற்குள் கடைசி இரண்டு எண்கள் மறந்துவிடுகின்றன. அதனால் அவரே ஒரு வழி செய்து வைத்திருக்கிறார். கிழித்த நாள்காட்டித் தாள்களை ஒரு கிளிப்பில் சேர்த்து வைத்திருக்கிறார். ஓடிபி வந்தவுடன் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்துத் தட்டுகிறார்.

அன்றைக்கு அந்தக் கற்றையைப் புரட்டிப் பார்த்தேன். பக்கம் பக்கமாக ஆறு இலக்க எண்கள். எது எதற்கு வந்தது என்ற குறிப்பு ஒன்றுகூட இல்லை. பாதுகாப்பு என்று நாம் பெருமையாகச் சொல்லும் ஏற்பாடு ஒரு மனிதரின் கையில் போய்ச் சேரும்போது என்ன ஆகிறது என்பது அந்தத் தாள்களில் இருந்தது.

ஒரு கணக்கைக் காக்க இன்று பரவலாகப் புழங்கும் வழிகள் மூன்று. குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி, கைப்பேசிச் செயலி காட்டும் ஆறு இலக்க எண், கடந்த சில ஆண்டுகளாக வந்திருக்கும், கைரேகையாலோ திரைப்பூட்டாலோ திறக்கும் பாஸ்கீ. மூன்றையும் இரண்டு கேள்விகளால் மட்டுமே எடை போடப் போகிறேன். பதறிப் போயிருக்கும் ஒருவரிடம் போனில் யாரேனும் கேட்டால் அவரால் அதை எடுத்துக் கொடுத்துவிட முடியுமா? கைப்பேசி தொலைந்த மறுநாள் காலை அவர் என்ன செய்வார்? என் அனுபவத்தில் மற்ற கேள்விகளெல்லாம் இந்த இரண்டுக்குப் பிறகுதான் வருகின்றன.

குறுஞ்செய்தி ஓடிபி

முதலில் இதன் நல்ல பக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். எதையும் நிறுவ வேண்டியதில்லை. பொத்தான் வைத்த பழைய போனிலும் வேலை செய்யும். கைப்பேசி தொலைந்தால் அடையாள அட்டையோடு கடைக்குப் போய் அதே எண்ணில் புதிய சிம் வாங்கிக்கொள்ளலாம். ஓரிரு நாளில் எல்லாக் கணக்குகளும் திரும்பக் கைக்கு வந்துவிடும். இரண்டாவது கேள்விக்கு இதைவிட எளிய பதில் மற்ற இரண்டிடமும் இல்லை. இந்தியாவில் இணையவழி அட்டைப் பரிவர்த்தனைகளுக்கு இரண்டாம் சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009-இல் கட்டாயமாக்கியபோது, எல்லோர் கையிலும் ஏற்கெனவே இருந்த ஒன்றின் மேல் அதைக் கட்ட முடிந்தது இதனால்தான். கோடிக்கணக்கான மக்களை இணையப் பணப் பரிமாற்றத்துக்குப் பழக்கியதில் ஓடிபிக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் அதே எளிமைதான் ஓட்டையும். நீங்கள் கடையில் போய் உங்கள் எண்ணுக்குப் புதிய சிம் வாங்க முடியும் என்றால், போலி ஆவணத்தோடு வேறொருவரும் வாங்க முடியும். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஜாக் டோர்சியின் சொந்த ட்விட்டர் கணக்கிலேயே வேறு யாரோ பதிவுகள் போட்டார்கள். அவருடைய தொலைபேசி எண் பறிபோனதுதான் காரணம். 2017-இல் ஜெர்மனியில், தொலைபேசி நிறுவனங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் பழைய எஸ்எஸ்7 நெறிமுறையின் பலவீனத்தைப் பயன்படுத்தி, வங்கி அனுப்பிய குறுஞ்செய்திகளை நடுவழியில் திருப்பிவிட்டுப் பணம் எடுத்தார்கள். இங்கே அவ்வளவு சிரமம்கூடத் தேவைப்படவில்லை. திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் கோப்பு, வரும். அதை நிறுவிக் குறுஞ்செய்தி படிக்கும் அனுமதியைக் கொடுத்துவிட்டால், வரும் ஓடிபியெல்லாம் மோசடிக்காரனுக்கும் போகும்.

இவை எல்லாவற்றையும்விட என்னை அதிகம் உறுத்துவது திரையில் நடக்கும் ஒரு சின்ன விஷயம். வங்கி அனுப்பும் செய்தியில் எவ்வளவு தொகை, யாருக்குப் போகிறது என்பது பெரும்பாலும் இருக்கும். ஏமாற்றப்படுகிறவரைக் கடைசி நொடியில் காப்பாற்றக்கூடிய தகவல் அதுதான். வசதி செய்து கொடுப்பதாக எண்ணி இன்றைய கைப்பேசிகள் செய்தியிலிருந்து எண்ணை மட்டும் பிரித்தெடுத்து, விசைப்பலகையின் மேல் நீட்டுகின்றன. ஒரு தட்டில் நிரப்பிவிடலாம். தொகையை யாரும் படிப்பதே இல்லை. அத்தைக்கு வரும் செய்திகளோ ஆங்கிலத்தில் வருகின்றன. “யாரிடமும் பகிர வேண்டாம்” என்ற எச்சரிக்கையும் ஆங்கிலத்தில்தான். அவருக்குப் புரிவது எண்கள் மட்டுமே. போனில் ஒருவர் வங்கி மேலாளர் குரலில் கேட்டால் அவர் படித்துச் சொல்லக்கூடியதும் அந்த எண்களைத்தான். முதல் கேள்வியில் ஓடிபி தோற்கிறது. வாய்விட்டுப் படிக்கக்கூடிய எந்த ரகசியமும் அப்படித்தான் தோற்கும்.

செயலி எண்

கூகுள் ஆத்தென்டிகேட்டர் போன்றவை இந்த வகை. முதல்முறை ஒரு கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்யும்போது, இணையதளமும் உங்கள் கைப்பேசியும் ஒரு ரகசியத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. பிறகு அந்த ரகசியத்தையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, முப்பது நொடிக்கு ஒரு புதிய எண்ணை இரண்டும் தனித்தனியே உருவாக்கிக்கொள்கின்றன. எதுவும் காற்றில் பயணம் செய்வதில்லை. சிக்னல் இல்லாத மலைக் கிராமத்திலும், ரோமிங் இல்லாத வெளிநாட்டிலும் எண் கிடைக்கும். சிம்மைத் திருடியவனுக்கு ஒன்றும் கிடைக்காது. குறுஞ்செய்தியைவிட இது நிச்சயம் ஒரு படி மேல்.

ஒரு படிதான். இதுவும் ஆறு எண்கள்தானே? அசல் போலவே இருக்கும் போலித் தளத்தில் நீங்கள் எண்ணைத் தட்டினால், அதே நொடியில் அசல் தளத்தில் அதை இட்டு உள்ளே போக மோசடிக்காரனுக்கு முப்பது நொடி தாராளமாகப் போதும். 2022-இல் நடந்த ஒரு தாக்குதல் இதை ஆய்வுக்கூடச் சோதனை போலவே காட்டிக்கொடுத்தது. ட்விலியோ, கிளவுட்ஃபிளேர் என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்களின் ஊழியர்களுக்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே பாணியில் குறுஞ்செய்திகள் வந்தன. கூடவே, நிறுவனத்தின் சொந்த நுழைவுப் பக்கம் போலவே செய்யப்பட்ட ஒரு போலிப் பக்கம். இரண்டு இடத்திலும் சிலர் ஏமாந்தார்கள். கிளவுட்ஃபிளேரில் மூன்று பேர் கடவுச்சொல்லைக் கொடுத்தே விட்டார்கள். ட்விலியோவுக்குள் தாக்கியவர்கள் நுழைந்துவிட்டார்கள். கிளவுட்ஃபிளேருக்குள் நுழைய முடியவில்லை. அங்கே ஒவ்வொரு ஊழியருக்கும் யூஎஸ்பியில் செருகும் பாதுகாப்புச் சாவி கொடுக்கப்பட்டிருந்தது. போலிப் பக்கத்துக்கு அந்தச் சாவி பதில் சொல்லவே சொல்லாது. இத்தகைய எண்களைக் காட்டும் ஆத்தி செயலி ட்விலியோவுடையது என்பதையும், அந்த ஊடுருவலில் 93 ஆத்தி பயனர்களின் கணக்குகளும் தொடப்பட்டன என்பதையும் நினைக்கையில் மனம் கனக்கிறது. துறை தெரிந்தவர்களே ஏமாறும் இடத்தில் அத்தையை எப்படிக் குறை சொல்வது?

பயன்பாட்டில் இது அத்தைக்குக் கொஞ்சமும் ஒத்துவரவில்லை. சில நாள் முயன்றோம். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் தேய்ந்துகொண்டே வரும். அதைப் பார்த்ததும் அவருக்கு விரல் நடுங்கத் தொடங்கிவிடும். நான்கு எண்களை எழுதி முடிப்பதற்குள் புதிய எண் வந்துவிடும். வட்டம் தீரும்வரை காத்திருந்து அடுத்த எண்ணை எழுதுங்கள் என்றேன். “பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பது போல இருக்கிறதப்பா” என்றார். ஐந்தாம் நாள் நானே செயலியை எடுத்துவிட்டேன்.

தொலைந்துபோனால் என்ன என்ற கேள்விக்கும் இங்கே நீண்ட காலம் நல்ல பதில் இருக்கவில்லை. 2023 ஏப்ரல் வரை கூகுள் ஆத்தென்டிகேட்டரில் இணையச் சேமிப்பே கிடையாது. பழைய போன் கையில் இல்லாவிட்டால் அப்போது எண்களும் இல்லை. இதே காரணத்தால் நானே ஒரு முறை மின்னஞ்சல் கணக்குக்குள் போக முடியாமல் பதினொரு நாள் வெளியே நின்றிருக்கிறேன். போன் இல்லாமலும் உள்ளே போக உதவும் மீட்புக் குறியீடுகளை அச்சடித்து வைக்கச் சொல்லும் திரையை அன்று நான் அவசரமாகத் தள்ளிவிட்டுப் போயிருந்தேன்.

பாஸ்கீ

ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2022 மே மாதம் ஒன்றாக அறிவித்து ஆதரித்த முறை இது. அதன் அடித்தளமான வெப்ஆத்தன் என்ற நுட்ப நெறிமுறை 2019-இலேயே வலைத் தரமாகிவிட்டது. கூகுள் கணக்குகளில் 2023 மே மாதம் வந்தது. 2025-இல் மைக்ரோசாஃப்ட் புதிய கணக்குகளைக் கடவுச்சொல்லே இல்லாமல் திறக்கத் தொடங்கியது.

இது வேலை செய்யும் விதத்தை அத்தைக்கு இப்படித்தான் சொன்னேன். ஒவ்வொரு தளத்துக்கும் உங்கள் போன் ஒரு பூட்டும் ஒரு சாவியும் செய்கிறது. பூட்டைத் தளத்திடம் கொடுத்துவிட்டுச் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. தளத்தைக் கொள்ளையடித்தாலும் திருடனுக்குப் பூட்டுதான் கிடைக்கும். தளத்தின் முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் போன் அந்தச் சாவியை எடுக்காது. நம் கண் ஏமாறலாம். போன் எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது, திரையைத் திறக்க வைப்பது போலக் கைரேகை வைப்பது மட்டும்.

முதல் கேள்விக்கு இதைப் போல ஒரு பதிலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. போனில் ஒருவன் எவ்வளவு மிரட்டினாலும், படித்துச் சொல்ல அத்தையிடம் எதுவுமே இல்லை. கிளவுட்ஃபிளேரைக் காப்பாற்றிய யூஎஸ்பி சாவியிலும் இதே நுட்பம்தான். கூகுளும் 2017 தொடக்கத்திலிருந்து தன் 85,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு அத்தகைய சாவியைக் கட்டாயமாக்கியது. அதற்குப் பிறகு ஒருவரின் பணிக் கணக்குகூடப் போலிப் பக்கம் காட்டி ஏமாற்றும் தூண்டில் மோசடியில் பறிபோகவில்லை என்று 2018-இல் சொன்னது.

ஆனால் இவ்வளவு நல்ல நுட்பத்தைத் திரையில் கொண்டுவந்து வைத்திருக்கும் விதம் எனக்குக் கோபத்தையே தருகிறது. அத்தையின் போனில் “பாஸ்கீ உருவாக்கவா?” என்ற பெட்டி திடீரென்று முளைத்தது. அவர் உடனே மூடிவிட்டார். தானாக முளைக்கும் எதையும் தொடாதீர்கள் என்று சொல்லிக் கொடுத்ததே நான்தான்! இரண்டாம் முறை ஒப்புக்கொண்டார். இப்போது இன்னொரு கேள்வி: எங்கே சேமிப்பது? கூகுளிடமா, போன் தயாரித்த நிறுவனத்தின் பெட்டகத்திலா? இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்பதற்கு ஒரு வரி விளக்கம்கூட அங்கே இல்லை. என் விண்டோஸ் மடிக்கணினியிலோ, கைப்பேசியில் இருக்கும் பாஸ்கீயைத் தேடும்போது “பாதுகாப்புச் சாவியை யூஎஸ்பியில் செருகுங்கள்” என்று வந்து நிற்கிறது. யூஎஸ்பி சாவியைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஒருவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்துப் பழைய கடவுச்சொல்லுக்கே திரும்பிவிடுவார். பாதுகாப்பு தோற்பது அந்த நொடியில்தான்.

இன்னும் இரண்டு குறைகள் உண்டு. நம் வீடுகளில் போன் ஒருவருடையது அல்ல. பேரனுக்குத் திரைப்பூட்டு எண் தெரியும். உதவிக்கு வரும் பெண்ணுக்கும் தெரிந்திருக்கலாம். அந்த எண் தெரிந்தவர்கள் கையில் போன் கிடைத்தால் எல்லாச் சாவிகளும் கிடைத்த மாதிரிதான். அடுத்தது, பாஸ்கீயைக் கொடுத்த பிறகும் பல தளங்கள் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் “வேறு வழி” என்று பக்கத்திலேயே வைத்திருக்கின்றன. முன்வாசலுக்கு இரும்புக் கதவு போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைத் தாழ்ப்பாள் இல்லாமல் விடுவதற்குச் சமம் இது.

போன் தொலைந்தால்? பாஸ்கீகள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கோடு ஒத்திசைந்து இருப்பதால், புதிய போனில் அந்தக் கணக்குக்குள் போய், பழைய போனின் திரைப்பூட்டு எண்ணையோ கடவெண்ணையோ கொடுத்தால் திரும்ப வந்துவிடும். ஆக, அந்த ஒரு கணக்குக்குள் போக முடிவதில்தான் எல்லாம் இருக்கிறது. சிம் கடைக்குப் போவதைவிட இது கடினம். ஆனால் அன்றைய செயலி எண்ணைப் போல நடுத்தெருவில் விட்டுவிடாது.

என் முடிவு

பாஸ்கீதான். கொடுக்கப்படும் இடத்திலெல்லாம் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் மின்னஞ்சலுக்கு, ஏனென்றால் மற்றக் கணக்குகளின் மீட்பு வழி பெரும்பாலும் அங்கேதான் போய் முடிகிறது. பாஸ்கீ இல்லாத இடத்தில், முப்பது நொடி வட்டம் உங்களைப் பதற வைக்காது என்றால், செயலி எண். வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் குறுஞ்செய்தி. அதுவும் ஒன்றுமே இல்லாததைவிட எவ்வளவோ மேல்.

வங்கிகளைப் பொறுத்தவரை தேர்வு நம் கையில் இல்லை. ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று அறிவித்த விதிகள், குறுஞ்செய்தி ஓடிபியைத் தாண்டிய வழிகளுக்கும் இடம் தருகின்றன. வங்கிகள் அந்த இடத்தைத் தமிழில் புரியும் திரைகளோடு பயன்படுத்த வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அத்தையின் மின்னஞ்சலுக்கு இப்போது பாஸ்கீ இருக்கிறது, அவர் போனிலும் பழைய டேப்லெட்டிலும். திரைப்பூட்டு எண்ணை மாற்றினோம். மீட்புக் குறியீடுகளை அச்சடித்துப் பீரோவில் ரேஷன் அட்டையோடு வைத்திருக்கிறார். வங்கிக்கு இன்னும் ஓடிபிதான், நாள்காட்டித் தாள்களும் இன்னும் இருக்கின்றன. ஒரே ஒரு மாற்றம் செய்துகொண்டார். செய்தியில் ‘ரூ.’ என்று இருக்கும் இடத்தைத் தேடி, முதலில் தொகையை எழுதுகிறார். அது தாம் கட்டவிருந்த தொகைதான் என்று உறுதியான பிறகே அதன் கீழே ஓடிபியை எழுதுகிறார். போன மாதத் தாள் ஒன்றில் தொகை மட்டும் இருந்தது, 18,500. அதன் கீழே எண் எதுவும் இல்லை.